ட்ரெய்லர் லோகுவின் பாயிரம்

லோகநாதன் கையில் மைக் கிடைத்தால் கிடைத்ததுதான், லேசில் திரும்பி வராது. வியாசர்பாடி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்து என்றால், ஆட்டக்காரர்கள் பூட்ஸ் கட்டி, காலை உதறி வரிசையில் நிற்பார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். லோகநாதனோ இடது பக்கம் ஆடுகிற பையனின் மாமா அந்தக் காலத்தில் எந்த கிளப்புக்கு ஆடினார் என்பதிலேயே இன்னும் நின்றுகொண்டிருப்பார். ஒரு தடவை கேரம் இறுதிப் போட்டியில் ஆடப்போகிற இரண்டே பேரை அவர் அறிமுகம் செய்து முடிப்பதற்குள் கரண்ட் போய், வந்து, மறுபடியும் போய்விட்டது. அன்றைக்கு நடந்தது கேரம் போட்டியா, பேச்சுப் போட்டியா என்று இன்றைக்கும் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

வேலை அவருக்குத் திருவொற்றியூரில், ஒரு கன்டெய்னர் யார்டில். வாசலுக்கு வரும் ட்ரெய்லர் லாரிகளை எந்த வரிசைக்குப் போகவேண்டும் என்று சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். பகலெல்லாம் ட்ரெய்லரோடு மல்லுக்கட்டு. சாயங்காலமானால் படத்துக்கு முன்னால் ஓட்டுகிற ட்ரெய்லர் மாதிரி மைக்கில் முழக்கம். ஊர் சும்மா விடுமா? ட்ரெய்லர் லோகு என்று பேர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்.

பேச்சு நீளமே தவிர, அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பேர், பிறகு தெரு, யாரிடம் ஆட்டம் கற்றான், எங்கெங்கே போய் ஆடினான். எல்லாவற்றையும் சொல்லி ஆளை உயரத் தூக்கி வைத்துவிட்டுக் கடைசியில் அவன் தோற்ற கதை ஒன்றைச் சொல்வார். அது இல்லாமல் எவனையும் விடமாட்டார். "போன வருசம் தண்டையார்பேட்டை மேட்ச்ல, எட்டாத பந்துக்கு எகிறி, கோல் போஸ்ட்ல மண்டைய இட்ச்சிகினாரே, அந்தத் தங்கம்தான் இவுரு!" மைதானம் முழுக்கச் சிரிக்கும். மண்டையை இடித்துக்கொண்டவனும் சிரிப்பான். எதற்கு இப்படி ஒவ்வொருத்தன் மானத்தையும் வாங்குகிறீர்கள் என்று அவர் மனைவி சொக்கம்மாளின் தம்பி அசோகன் ஒருநாள் கேட்டே விட்டான்.

"ஜெயிச்சத அவனே ஊருக்கெல்லாம் சொல்லிகினு திரிவான் மச்சான். தோத்தத யாராவது ஒர்த்தர் சொல்லணும்ல?" என்றார் லோகநாதன்.

அவருக்கும் சொக்கம்மாளுக்கும் ஒரே மகள், மதி. வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள். தமிழில் எம்.ஏ. முடித்து, அதற்குமேல் ஆராய்ச்சியும் செய்தாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் லோகநாதனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். "அறிமுகம் செய்றது எப்டின்னு ஆராய்ச்சி பண்ணுதுபா. அப்பன் தொயிலு, வுடுமா?" என்பார். அது அவர் அடித்துவிடுகிற கதை என்று சொல்ல முடியாது. மதி எடுத்துக்கொண்டது பாயிரம். புத்தகத்துக்கு முன்னால் வருகிற அறிமுகத்துக்குப் பழைய தமிழ்ப் புலவர்கள் வைத்த பேர் அது. முகவுரை, அணிந்துரை, புனைந்துரை என்று அதற்கு வேறு பேர்களும் உண்டு. பாயிரம் இல்லாமல் வந்ததை நூல் என்றே ஒப்புக்கொள்ளாத அளவுக்கு அந்தக் காலத்து ஆட்கள் கறாராக இருந்தார்கள்.

ஆராய்ச்சி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மதியும் அவள் சிநேகிதி ராமசெல்வியும் பேராசிரியர் தேவப்பிரியம் அம்மாவிடம் ஒன்றாகப் படித்தவர்கள். ராமசெல்வியின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். இரண்டு பெண்களும் ஒரே மாதத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார்கள். ராமசெல்வியுடையது நேராகத் தேறிவிட்டது. மதியுடையது திரும்பி வந்துவிட்டது. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், அடுக்கி வைத்த மேற்கோள்களுக்கு நடுவில் எழுதியவர் குரலைத் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை, திருத்தி எழுதித் தரவும் என்று குறிப்பு எழுதியிருந்தார்.

மதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் தேதி தள்ளிப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். வீட்டிலும் அப்படியே சொன்னார்கள். லோகநாதன்கூட வாயைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து தட்டின்முன் உட்கார்ந்தபோது, மதி கையில் தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, நான் ஒரு விசயம் சொல்லுவேன். புரியலன்னா கைய தூக்கு. சும்மா மண்டைய ஆட்டாத."

"சோத்துக் கையையா, இந்தக் கையையா?"

"எதையாவது தூக்கு."

அன்றைக்கு அவர் கை கீழே இறங்கவே இல்லை. குழம்பு ஆறிப்போனது. மதி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பொதுப் பாயிரம் என்பது எந்த நூலுக்கும் பொருந்துவது. சொல்லிக்கொடுக்கிறவர் எப்படி இருக்க வேண்டும், கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். சிறப்புப் பாயிரம் அந்த ஒரு நூலுக்கு மட்டுமே உரியது. அதன் பேர் என்ன, எழுதினவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குகிறது, யார் கேட்க வேண்டும், கேட்டால் என்ன பயன் என்று சொல்வது. அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லப்போய், மேற்கோள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, மதி தன் பேச்சில் பேச ஆரம்பித்தாள். சொல்லி முடித்ததை அன்றன்றைக்கே எழுதியும் வைத்தாள். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. அந்த வருஷத்தை நினைத்தால் லோகநாதனுக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துவிடும். மகள் பேச, அவர் கேட்க, சொக்கம்மாள் நடுவில் ரசம் ஊற்ற, மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்துக் காற்று வீசி வீடு முழுக்க எண்ணெய் வாடை அடிக்கிற நாளில்கூட அந்த நேரம் அவருக்கு மணத்தது.

மதி கேள்வியும் கேட்பாள்.

"சிறப்புப் பாயிரத்துல இன்னா இன்னா வரணும்? சொல்லு பாக்கலாம்."

லோகநாதன் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போவார். எழுதினவர் பேர், வந்த வழி, எல்லை, கேட்கிறவர், பயன் எல்லாம் வரும்.

"நூலோட பேரு எங்க?"

"அய்ய, பேரே இல்லாம அவ்ளோ தூரம் பூட்டனா?"

"ஃபெயில்" என்பாள் மதி.

அப்படி ஒருநாள் ஃபெயிலாகிவிட்டுத்தான் அவர் கேட்டார். "அல்லாம் சரி. தோத்த கதைக்கு எங்க எடம் வெச்சி கீறாங்கோ?"

"பாயிரத்துல தோல்விக்கு எடம் இல்ல நைனா. நூலத் தூக்கிப் பேசறதுக்குத்தான் பாயிரம்."

"அப்ப அது அரகொற பாயிரம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இரண்டாம் தடவை ஆய்வேடு தேறியது. மதி முனைவர் ஆனாள். அதை ஒரு பதிப்பகத்தார் புத்தகமாகவும் போட்டார்கள். 'பாயிரம்: சொல்பவரும் கேட்பவரும்' என்று பேர். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் வெளியீட்டு விழா என்று முடிவானது.

லோகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மகளை மேடையில் அறிமுகம் செய்து பேசப்போவது தான்தான் என்று அவரே முடிவு செய்து, அதை வியாசர்பாடி முழுக்கச் சொல்லியும் வைத்தார். இத்தனை வருஷம் ஊரான் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் அறிமுகம் செய்த வாய். சொந்தப் பெண்ணை விட்டுவிடுமா? தோஸ்து அத்தாவுல்லாவைப் பிடித்து, அவருடைய சவுண்டு செட்டில் புதுப் பெட்டிகள்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். காலையில் குளிக்கப் போனால் உள்ளேயிருந்து ஒத்திகைச் சத்தம் கேட்டது.

ஒத்திகையைக் கேட்டுத்தானோ என்னவோ, ஒருநாள் மதி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நைனா, என்ன அறிமுகம் செஞ்சி பேசப்போறது ராமசெல்வி."

"அது பேசட்டும். அப்பால நான் பேசறேன்."

"இல்ல நைனா. இதுக்கு ஒரு ரூல் கீது. எழுதனவங்க தன்னத் தானே புகழ்ந்துக்கக் கூடாது. அதனால பாயிரம் சொல்றதுக்குன்னு சில பேரதான் வெச்சாங்க. சொல்லிக்குடுத்த வாத்தியார் சொல்லலாம். கூடப் படிச்சவங்க சொல்லலாம். நம்மகிட்ட படிச்ச ஸ்டூடண்ட் சொல்லலாம். உரை எழுதறவரு சொல்லலாம். அவ்ளோதான்."

"அப்பன்?"

"அப்பா இல்ல. நீ என்னப் புகழ்ந்தா, நானே என்னப் புகழ்ந்துக்கற மாதிரிதான?"

லோகநாதன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரூலுன்னா ரூலுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். முகம் தொங்கிப்போனதை மதி பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று நினைத்துத்தான் போனார். அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் யார்டில் ஒரு ட்ரெய்லரை மாற்றி வேறு வரிசைக்கு அனுப்பிவிட்டார். அது பின்னால் வர இடமில்லாமல் மாட்டிக்கொண்டு, வாசலில் லாரிகள் நீண்டு நின்றுவிட்டன. டிரைவர்கள் ஹாரனை அழுத்தியபடி அவரைத் திட்டினார்கள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மேடையில் பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் தான் போய் இன்னா, கீது, வந்துகினு என்று பேசினால் பெண்ணுக்கு அவமானம். அதை நேராகச் சொல்ல மனசு வராமல் ரூலைக் காட்டுகிறாள். இதுதான் விஷயம் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அந்த எண்ணம் அவரை மிகவும் வருத்தியது.

சொக்கம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். நூறு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யார் சாப்பிடவில்லை என்று கண்டுபிடிக்கிறவளுக்குப் புருஷன் முகம் தெரியாதா? அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"இன்னாயா, ரெண்டு நாளா மூஞ்சி செத்துப் போய் கீது?"

"நம்ம பேச்சு கலீஜா கீதுன்னு நெனைக்குது சொக்கு. படிச்ச புள்ள. தப்பு சொல்ல முடியாது."

சொக்கம்மாள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அடப் போய்யா. உன் பேச்சுல வளந்த புள்ள அது. அதுக்கா பயப்படும்? நீ கடசியா தோத்த கதயக் கொண்டாந்து வெப்பியே, அதுக்குத்தான் பயப்படுது. தீசிஸ் திரும்பி வந்தது இன்னிய வரிக்கும் நம்ம வூட்டத் தாண்டிப் போல. தெருவுல தேதி தள்ளிப்போச்சின்னு சொல்லி வெச்சிகீது. அன்னிக்கி நம்ம தெருவே அங்க வந்து குந்தியிருக்கும். நீ அத மைக்ல கக்கிட்டன்னா புள்ள எங்க போய் மூஞ்ச வெச்சிக்கும்?"

லோகநாதன் தலையைச் சொறிந்தார். ஏனென்றால் அந்தக் கதையைத்தான் அவர் குளியலறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திக்கொண்ட பெண், எப்படித் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள் என்பதுதான் அவர் பேச்சிலேயே நல்ல இடம். அதைச் சொல்லும்போது எங்கே நிறுத்தி மூச்சு விடவேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தார்.

"அத சொல்லலாம்னுதான் இருந்தியா?" என்றாள் சொக்கம்மாள்.

"ஆமா."

"நல்ல மனுசன்யா நீ" என்று அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

பேச்சு கலீஜ் இல்லை என்று தெரிந்ததில் அவருக்குப் பாதி பாரம் இறங்கியது. மீதிப் பாதி வேறு பக்கமாக வந்து ஏறிக்கொண்டது. எத்தனை பேர் தோற்ற கதையை இந்த வாய் சொல்லியிருக்கிறது! அவர்களெல்லாம் சிரித்தது உண்மைச் சிரிப்புத்தானா, இல்லை மைதானத்தில் மாட்டிக்கொண்டோமே என்று பல்லைக் காட்டினார்களா? ஒருத்தனையாவது முன்னால் கூப்பிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டதுண்டா? கேட்டதில்லை. இனிமேல் யார் தோல்வியையும் மைக்கில் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்.

விழாவுக்கு முந்தின ஞாயிறு ஆட்டம் இருந்தது. அழைப்பிதழ் கொடுக்க மதியும் ராமசெல்வியும்கூட மைதானத்துக்கு வந்திருந்தார்கள். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகைக் காற்று லேசாக வந்துகொண்டிருந்தது. இரண்டு அணியும் வரிசையில் நின்றன. லோகநாதன் மைக்கை எடுத்தார். பேர் சொன்னார், தெரு சொன்னார், யாரிடம் ஆடக் கற்றான் என்று சொன்னார். அடுத்தவனுக்குப் போனார். இப்படியே எல்லோரையும் சொல்லி முடித்து மைக்கைக் கீழே வைத்துவிட்டார். நடுவருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னும் இருக்கிறதா என்று கையால் கேட்டார். இல்லை என்று லோகநாதன் தலையாட்டினார். கூட்டத்தில் யாரோ, "ட்ரெய்லர்ல டீசல் இல்லபா!" என்று கத்தினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பர் ஜீஷான் நேராக அவரிடம் வந்தான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா மாமு, ஒடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் கீறேன்."

"அப்ப என் கத இன்னா ஆச்சி? மழ மேட்ச்ல பந்தக் கையில புட்சிகினே வழுக்கிப் போய் கோலுக்குள்ள நின்னேனே. எப்பவும் சொல்லுவ. இன்னிக்கி ஏன் சொல்லல?"

"உனுக்கு பேஜாரா இருக்கும்லபா. நாலு பேர் முன்ன அத்த போய் ஏன் சொல்லணும்னுதான்."

ஜீஷான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பேஜாரா? மாமு, அந்த மேட்ச் தோத்தப்போ ஒரு மாசம் நான் இந்த கிரவுண்டு பக்கமே தல காட்டல, தெரியுமா? நைட்ல கண்ண மூடனா அந்தப் பந்துதான் வரும். அப்பால வந்தேன். நீ மைக்ல சொன்ன. அல்லாரும் சிரிச்சாங்கோ. நானும் சிரிச்சேன். அத்தோட அது என்ன வுட்டுப் பூட்ச்சி. இன்னிக்கி நீ வாயத் தொறக்கல. என்னடா இது, சொல்லக்கூடாத அளவுக்கா அசிங்கம் பண்ணிட்டோம்னு அது மறுபடியும் உள்ள வந்து குந்திகிச்சி. ரெண்டு கோலு வுட்டேன் பாத்தியா? அல்லாம் உன்னாலதான்."

"நீ பந்த வுட்டதுக்கு நானா?"

"வேற யாரு? அடுத்த வாரம் ஒயுங்கா சொல்லு" என்று சொல்லிவிட்டு அவன் தண்ணீர்க் குடத்தைப் பார்க்கப் போனான்.

லோகநாதன் திரும்பினார். பின்னால் மதி நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த அழைப்பிதழ்க் கட்டை ராமசெல்வி வாங்கிக்கொண்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஜீஷான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாதனுக்குப் பகீர் என்றது. அவன் சொன்னதை வைத்து, தான்தான் ஆள் வைத்துப் பேச விட்டதாக நினைத்துவிடப் போகிறாளே என்று பயந்தார்.

"அவன் வாய்க்கு வந்தத பேசுவாம்மா" என்றார்.

"ம்" என்றாள் மதி. ராமசெல்வியிடமிருந்து அழைப்பிதழ்களை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசைகளில் கல்லூரி ஆட்கள். பின்னால் வியாசர்பாடி மொத்தமும். கால்பந்துப் பையன்கள் உட்கார நாற்காலி இல்லாமல் சுவர் ஓரமாக நின்றார்கள். ராமசெல்வியின் அப்பா கடையிலிருந்து முந்திரி பக்கோடா வந்து, அதன் வாசனை மேடைவரை போயிருந்தது. லோகநாதன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அத்தாவுல்லாவோடு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பேச வாய்ப்பு இல்லாவிட்டால் போகட்டும், பேசுகிறவர்கள் குரல் கணீரென்று கேட்கிற மாதிரி திருகு திருகுவதும் ஒரு காரியம்தானே. மனசை அப்படித் தேற்றிக்கொண்டுதான் வந்திருந்தார். வந்து உட்கார்ந்த பிறகு தேற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. மேடையில் மகள் இருந்தாள். அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

தேவப்பிரியம் அம்மா புத்தகத்தை வெளியிட்டு, தன் மாணவியைப் பற்றி நிதானமாகப் பேசினார். அடுத்து ராமசெல்வி வந்தாள். கடையில் உட்கார்ந்து வியாபாரம் பேசிப் பழகிய பெண். மேடை பயமெல்லாம் இல்லை. "நானும் இவளும் ஒரே டிபன் பாக்ஸுல சாப்பிட்டுப் படிச்சோம். இவ கொழம்ப நான் தின்னுருக்கேன், என் நோட்ட இவ தின்னுருக்கா. அதனால சொல்லுதேன், கேளுங்க" என்று தொடங்கி, அழகாகப் பேசி, அலுப்பதற்கு முன்னாலேயே முடித்தாள். லோகநாதன்தான் எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். நாமாக இருந்தால் இந்நேரம் பிறந்த ஆஸ்பத்திரியைத்தான் தாண்டியிருப்போம் என்று அத்தாவுல்லாவிடம் சொல்லவும் செய்தார்.

கடைசியில் மதி ஏற்புரைக்கு எழுந்தாள்.

"பாயிரம் சொல்ல உரிமை உள்ளவர்கள் யார் யார் என்று இந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். என் ஆசிரியர் பேசிவிட்டார். என்னோடு படித்தவள் பேசிவிட்டாள். என்னிடம் படித்த மாணவர் இன்னும் பேசவில்லை. இந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை என்னிடம் பாடமாகக் கேட்டவர் இந்த ஊரில் ஒருவர்தான் இருக்கிறார். அவரை மேடைக்கு அழைக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நைனா, வா."

சுவர் ஓரத்தில் ஆரவாரம் கிளம்பியது. லோகநாதன் திருகைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோலப் பின்னால் திரும்பிக்கூடப் பார்த்தார். "யோவ், உன்னத்தான், போ" என்று சொக்கம்மாள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்ட பிறகுதான் எழுந்தார். ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகத்தில் இல்லை. மைக்கை வாங்கி ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அல்லாருக்கும் வணக்கம். நூல எழுதனவங்க பேரு மதி. வந்த வழி, தோ, தேவப்பிரியம் டீச்சர் வழி. எல்லை, வியாசர்பாடி தொட்டு, தமிழு பேசற எடம் அல்லாம். யார் கேக்கணும்னா, யாரையாவது நாலு பேர் முன்ன நிக்க வெச்சிப் பேசறவங்கோ அத்தினி பேரும் கேக்கணும். மெயினா நான் கேக்கணும்."

கூட்டம் சிரித்தது. அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"இவுங்களுக்கு நான் ஸ்டூடண்டு. எப்டி ஸ்டூடண்டு ஆனேன்னா..."

அங்கே நின்றுவிட்டார். எப்படி ஆனார் என்று சொல்ல வேண்டுமென்றால், ஆய்வேடு திரும்பி வந்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் அந்தக் கதைக்கு வாசலே இல்லை. வாய் நுனிவரை வந்துவிட்டது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம், தானாகத் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் மகளைப் பார்த்தார். அதை விழுங்கிக்கொண்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. மைக் செத்துவிட்டதோ என்று அத்தாவுல்லா வயரைப் பிடித்துப் பார்த்தார்.

"எப்டியோ ஆனேன்" என்றார் லோகநாதன். "ஆனா ஃபெயிலான ஸ்டூடண்டு. பாயிரத்துல நூலோட பேரு வரணும்னு எத்தினி தபா சொல்லிக்குடுத்தாங்கோ. பாருங்கோ, இன்னிக்கும் சொல்லல. அவ்ளோதான் என் படிப்பு. நன்றி."

சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து வந்தன. போதும், நல்லபடியாக இறங்கிவிடலாம் என்று அவர் திரும்பினார். மதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மைக் அவர் கையிலேயே இருக்க, அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பேசினாள். இதுவரை மேடையில் பேசிய தமிழைக் கீழே வைத்துவிட்டு, வீட்டில் பேசுகிறதைப் பேசினாள்.

"இருங்கோ, இன்னும் முடியல. எங்க நைனா இப்டி பாதில வுட்டு நான் பாத்ததே இல்ல. அவரு சொல்லாதத நானே சொல்லிட்றேன். என் தீசிஸ் திரும்பி வந்துச்சி. தேதி தள்ளிப்போச்சின்னு உங்க அல்லார்கிட்டயும் நான் சொன்னது பொய். இதுல உன் குரலே இல்லம்மான்னு எழுதி அனுப்பிட்டாங்கோ. ரூம சாத்திகினு அழுதுகினு கெடந்தேன். அப்பால யார்கிட்ட பேசினா என் குரலு வரும்னு யோசிச்சி, சோறு துன்னுகினு இருந்த இவரு முன்ன போய் குந்தினேன். புரியலன்னு கைய தூக்கிகினே இருந்தாரு. இவருக்குப் புரியற வரிக்கும் சொன்னேன். அதுதான் இந்தப் புத்தகம். நான் மொத தபாவே தேறியிருந்தா இவரு எனக்கு அப்பாவா மட்டும்தான் இருந்திருப்பாரு."

முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் சுவர் ஓரத்தில் ஜீஷான்தான் முதலில் சிரித்தான், வாய்விட்டு. அவனைப் பார்த்துத் தெரு சிரித்தது. தேவப்பிரியம் அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். மதி எல்லோரையும் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளில் இருந்து என்னவோ இறங்கிப் போவதை லோகநாதன் கண்ணாலேயே பார்த்தார்.

அவருக்கு அழுகை வந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவர் வெட்கப்படவில்லை. மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அதை மகள் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போய்ச் சொக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.